'தெரியாது' என்னும் விடை: அளவுசார் ஆய்வும் பண்புசார் ஆய்வும் கற்ற பட்டறிவு

முன்னுரை

தமிழாய்வேடுகளின் முதல் இயலில் 'ஆய்வுமுறை' என்னும் உட்தலைப்பு தவறாமல் இடம்பெறும். 'இவ்வாய்வில் விளக்கமுறை, பகுப்பாய்வுமுறை, ஒப்பீட்டுமுறை ஆகியன பின்பற்றப்பட்டுள்ளன' என்னும் தொடர் அத்தலைப்பின்கீழ் எழுதப்படும். நூலகத்தில் ஆய்வேடுகளைப் புரட்டுவோர் இத்தொடரைச் சிற்சில சொல் மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் காண்பர். நானும் இத்தொடரை எழுதியவளே. ஆய்வுமுறை என்பது ஆய்வு முடிந்தபின் எழுதிச் சேர்க்கும் ஒரு பத்தியன்று; களத்தில் ஆய்வாளர் கேட்கும் முதல் வினாவிலேயே அது தொடங்கிவிடுகிறது. இதனை நான் காலந்தாழ்த்தியே கற்றேன். அவ்வாறு கற்ற வகையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுவதற்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. அண்மையில் என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டுள்ள மாணவி ஒருவர் தம் இயல் வரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். மலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்ப் பெண்களிடையே ஒப்பாரி மரபு ஏறத்தாழ அற்றுவிட்டது என்று அதில் ஒரு கருத்து இருந்தது. அதற்குச் சான்றாக அவர் காட்டியிருந்தது 2013இல் ஒரு கருத்தரங்கில் நான் படித்து, பின்னர் தொகுப்பு நூலில் அச்சான என் கட்டுரையே. அதில் ஓர் அட்டவணையும் உண்டு. அக்கருத்து பிழையானது. பிழை என்பது கட்டுரை அச்சேறிய சில மாதங்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஆய்வேட்டில் அதனைத் திருத்திக்கொண்டேன். தொகுப்பு நூலில் இருப்பதைத் திருத்த வழி தேடவில்லை. ஆய்வேடு நூலகத்தில் உறங்குகிறது. தொகுப்பு நூல் கைமாறிக்கொண்டிருக்கிறது. அம்மாணவி செய்ததில் குறையேதும் இல்லை. குறை என்னுடையது.

வகுப்பறையில் எண்

நான் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தது 2011இல். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஆய்வு மாணவர்க்குப் பாடநெறியைக் கட்டாயமாக்கியிருந்தன. ஆய்வு முறையியல் பற்றிய தாளில் அளவுசார் முறைகளும் கணினிப் பயன்பாடும் இடம்பெறலாம் என்பது அவ்விதிகளின் ஒரு கூறு. எனவே வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து, சராசரி, திட்டவிலக்கம், கை-வர்க்கச் சோதனை என்பனவற்றைக் கற்க நேர்ந்தது. தமிழிலக்கியம் கற்றுவந்த எங்களுக்கு அது அச்சத்தையே தந்தது. தமிழண்ணலும் எம்.எஸ். இலக்குமணனும் எழுதிய 'ஆய்வியல் அறிமுகம்', பொற்கோவின் 'ஆராய்ச்சி நெறிமுறைகள்' ஆகிய நூல்களை நாங்கள் படித்திருந்தோம். நூலகத்தைப் பயன்படுத்தும் முறை, குறிப்பெடுக்கும் முறை, கருதுகோள் அமைக்கும் முறை ஆகியன ஓரளவு கைவந்திருந்தன. எண்களைக் கொண்டு வாதிடுவது மட்டும் எங்கள் துறைக்கு அயலானது என்னும் எண்ணம் இருந்தது.

அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு வகுப்புப் பயிற்சி. சங்கப் பாடல்கள் 2381, பாடிய புலவர்கள் 473, ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்கள் 102, கபிலர் பாடியவை 235 என்பன இளங்கலை வகுப்பிலிருந்தே நாங்கள் மனப்பாடமாக அறிந்த எண்கள். 'சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர்? நீங்களே எண்ணி வாருங்கள்' என்றார் பேராசிரியர். மறுவாரம் எங்கள் ஐவரிடமும் ஐந்து வெவ்வேறு எண்கள் இருந்தன. அறிஞர்கள் தரும் பட்டியல்களும் தம்முள் ஒத்துவரவில்லை. யாரும் தவறாகக் கூட்டிவிடவில்லை. 'ஆர்' என்னும் உயர்வு ஈறு பால் காட்டுவதில்லை. எனவே பெயரை மட்டும் கொண்டு ஆணா பெண்ணா எனத் துணிய இயலாத இடங்கள் உள. ஒரே பெயரில் பாடியவர் ஒருவரா பலரா என்னும் ஐயம் சில இடங்களில் எழுகிறது. பதிப்புக்குப் பதிப்பு பெயர் வடிவம் வேறுபடுவதும் உண்டு. பாடலின் கூற்று பெண் கூற்று என்பதனாலேயே பாடியவரும் பெண் எனக் கொண்டவர் எங்களுள் ஒருவர்.

'யாரைப் பெண்பாற் புலவர் என்று கொள்வது என முடிவு செய்தபின்பே எண்ணத் தொடங்க முடியும். அம்முடிவு எண்ணால் வருவதன்று. படித்துப் பொருள் கொள்வதால் வருவது' என்று பேராசிரியர் விளக்கினார். எண்ணத்தக்க ஒவ்வொன்றின் பின்னும் எண்ணாமல் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது என்னும் இவ்வுண்மையை அன்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

அப்பயிற்சிக்குப் பின் எண்ணும் பணியில் எனக்கு ஈடுபாடு மிகுந்தது. 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த வ.அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவை நூலகத்தில் முதன்முறையாகக் கையில் எடுத்தது அப்பொழுதுதான். கணினி நம் துறைகளுக்கு வந்துசேராத காலத்தில் ஒரு நூலின் சொற்களையெல்லாம் இடஞ்சுட்டி நிரல்படுத்திய உழைப்பு அது. தமிழாய்வுக்கு எண் அயலானதன்று. நம் முன்னோர் எண்ணியே வந்துள்ளனர் என்னும் பெருமிதம் பிறந்தது. பெருமிதம் நல்லதே, ஆயினும் அது என்னைச் சற்று விரைவாகக் களத்துக்கு அனுப்பிவிட்டது.

களமும் வினாநிரலும்

என் ஆய்வுக்களம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டங்கள். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் மலைச்சரிவுகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்கள் உருவாயின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வட்டங்கள் கேரளத்துடன் நின்றன. தொழிலாளர் குடியிருப்பு 'லயம்' எனப்படும். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகள் அவை. ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். அங்கு வழங்கும் வாய்மொழிப் பாடல்களே என் ஆய்வுப் பொருள். அவற்றுள் ஒப்பாரிக்கு ஓர் இயல் ஒதுக்கியிருந்தேன்.

நாற்பது வினாக்கள் கொண்ட வினாநிரல் ஒன்றை உருவாக்கினேன். பெயர், வயது, கல்வி, பிறந்த ஊர், எத்தனையாவது தலைமுறை என்பன முதலில் வரும். பின்னர் 'உங்களுக்குத் தெரிந்த தாலாட்டுகள் எத்தனை?', 'நடவுப் பாடல் தெரியுமா?', 'ஒப்பாரி பாடத் தெரியுமா? தெரியும் எனில் எத்தனை?' என வினாக்கள் தொடரும். முன்னோட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்பது வகுப்பில் கற்றதே. நானும் செய்தேன், ஆனால் என் விடுதித் தோழியர் ஐவரிடம் செய்தேன். அவர்களுக்கு வினாக்கள் தெளிவாக விளங்கின. அது போதும் எனக் கருதிவிட்டேன்.

ஐந்து லயங்களில் 120 பெண்களைக் கண்டு வினாநிரலை நிரப்பினேன். பெண்கள் கொழுந்து பறித்து முடித்து வீடு திரும்பும் மாலை நேரமே எனக்கு வாய்த்த நேரம். அவர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டே விடை சொல்வார்கள். நான் திண்ணையில் அமர்ந்து கட்டங்களில் குறியிடுவேன். தாலாட்டு வினாவுக்குச் சிரித்துக்கொண்டே விடை வரும். ஒப்பாரி வினாவுக்கு மிகப் பெரும்பாலோர் 'தெரியாது' என்றனர். முதியோரும் அவ்வாறே கூறினர். அவ்விடைகளைத் தொகுத்து, வயதுவாரியாகப் பிரித்து, கை-வர்க்கச் சோதனையும் செய்தேன். 'தெரியாது' என்போர் எல்லா வயதினரிடையேயும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தனர். இளையோரிடம் மட்டுமன்றி முதியோரிடமும் மரபு அற்றுவிட்டது என்று அதற்கு விளக்கம் எழுதினேன். தோட்ட வாழ்க்கை, கலப்பு மொழிச் சூழல், தொலைக்காட்சி என மூன்று காரணங்களையும் சேர்த்தேன். அக்காரணங்களுள் எதையும் வினாநிரல் கேட்டிருக்கவில்லை என்பது இப்பொழுது படிக்கும்போதுதான் கண்ணில் படுகிறது.

அவ்வட்டவணையின் விழுக்காட்டை இங்கு மீண்டும் எழுத நான் விரும்பவில்லை. எழுதினால் அதுவும் மேற்கோளாகிவிடும். கருத்தரங்கில் அக்கட்டுரை நன்கு வரவேற்கப்பட்டது. தமிழ்த்துறை மாணவி ஒருவர் புள்ளியியல் சோதனையுடன் நாட்டார் வழக்காற்றை ஆராய்ந்துள்ளார் என்று அவைத்தலைவர் பாராட்டினார்.

ஓர் இரவு

தொகுப்பு நூல் வெளிவந்தபின் சில விடுபாடுகளை நிறைவு செய்ய மீண்டும் அதே லயத்துக்குச் சென்றிருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டுக்கு எதிர் வரிசையில், ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் அன்று மாலை இறந்துபோனார். தேனிப் பக்கமிருந்து போடிமெட்டு வழியாக உறவினர்கள் வந்துசேர மறுநாளாகும் என்றனர். இரவு முழுவதும் உடல் வீட்டில் இருந்தது.

முதலில் பாடத் தொடங்கியவர் எனக்கு நன்கு அறிமுகமான ஒரு மூதாட்டி. அவரை நான் 'பெரியம்மா' என்றே அழைத்துவந்தேன். அவருடைய வினாநிரலை நிரப்பியவள் நானே. ஒப்பாரிக் கட்டத்தில் 'தெரியாது' என்று குறித்திருந்தேன். அவர் பாடத் தொடங்கியதும் மற்றப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வட்டமாக அமர்ந்தனர். ஒருவர் நிறுத்த மற்றவர் எடுத்துப் பாடினார். அவ்வட்டத்தில் இருந்தவருள் நான் கணக்கெடுத்தவர் பலர். அவர்களுள் ஒப்பாரி தெரியும் என்று என்னிடம் சொன்னவர் ஒருவரும் இல்லை. விடியும்வரை பாட்டு நிற்கவில்லை.

பையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதனை நான் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று சில நாள் எண்ணியதுண்டு. இன்று அவ்வாறு எண்ணுவதில்லை. யாரிடமும் ஒப்புதல் பெறாத நிலையில், ஒருவர் துயரத்தின் நடுவே கருவியை நீட்டுவது தரவு திரட்டல் ஆகாது. அன்றிரவு நான் ஆய்வாளராக அங்கு இருக்கவும் இல்லை. தேநீர் போட்டுக் கொடுக்கும் பணியை எனக்குத் தந்திருந்தார்கள்.

துக்க நாள்கள் கழிந்தபின் பெரியம்மாவிடம் கேட்டேன்: "அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே, பெரியம்மா?" அவர் சினம் கொள்ளவில்லை, வியப்படைந்தார். "சாவு விழாத வீட்டுல உக்காந்துகிட்டு ஒப்பாரி தெரியும்னு எப்படித் தாயி சொல்லுறது? அடுப்பு எரியுது, புள்ளைக படுத்திருக்கு, ஆம்பளை மலைக்குப் போயிருக்கு. தெரியும்னு சொன்னா, வான்னு கூப்பிட்ட மாதிரி ஆயிடாதா?" என்றார்.

அருகிலிருந்த மற்றொரு பெண் வேறொரு காரணம் சொன்னார். "நீ பேர எழுதுன, வயச எழுதுன, எத்தனைன்னு கேட்டே. தாளும் கையுமா வந்து எத்தனைன்னு கேக்குறவங்ககிட்ட நாங்க பாத்துத்தான் பேசுவோம்" என்றார் அவர்.

விடையின் பொருள்

இவ்விரு விடைகளும் ஆய்வு முறையியல் நூல்களில் நான் படித்திருந்த இரு கலைச்சொற்களின் வேறுபாட்டை எனக்கு விளக்கின. ஒன்று நம்பகத்தன்மை; மற்றொன்று ஏற்புடைமை. ஒரே கருவியைக் கொண்டு மீண்டும் மீண்டும் அளந்தாலும் ஒரே விடை வருமாயின் அக்கருவி நம்பகமானது. எதனை அளக்க விரும்பினோமோ அதனையே அது அளக்குமாயின் ஏற்புடையது. என் வினாநிரல் மிகுந்த நம்பகத்தன்மை உடையது. நூறுமுறை கேட்டிருந்தாலும் அப்பெண்கள் அச்சூழலில் 'தெரியாது' என்றே சொல்லியிருப்பர். ஆனால் அது ஒப்பாரி அறிவை அளக்கவில்லை. மங்கலமான வீட்டில் அமங்கலச் சொல்லைத் தவிர்க்கும் ஒழுகலாற்றையே அளந்தது. முதியோரும் இளையோரும் ஒரே அளவில் 'தெரியாது' என்றதன் காரணமும் இதுவே. மரபு அற்றுவிட்டதற்குச் சான்றாக நான் காட்டிய எண், மரபு உயிருடன் இருப்பதற்கே சான்றாக இருந்தது.

கிளிஃபர்டு கீர்ட்ஸ் 1973இல் வெளியிட்ட நூலில், கில்பர்ட் ரைல் என்னும் மெய்யியலாரின் ஓர் எடுத்துக்காட்டை விரித்துரைப்பார். இமை தானாகத் துடிப்பதும் ஒருவர் குறிப்புணர்த்திக் கண் சிமிட்டுவதும் பார்வைக்கு ஒன்றே. இரண்டையும் வேறுபடுத்துவது அவற்றைச் சூழ்ந்துள்ள பண்பாட்டுப் பொருள். இப்பகுதியை நான் தேர்வுக்காகப் படித்து, பத்து மதிப்பெண் வினாவுக்கு விடையும் எழுதியிருந்தேன். களத்தில் 120 கண்சிமிட்டல்களை இமைத்துடிப்புகளாகக் கணக்கிட்டிருக்கிறேன் என்பது பெரியம்மா சொன்னபின்பே விளங்கிற்று.

இரண்டாவது பெண் சொன்னது மேலும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. தோட்டப் பெண்கள் எண்ணுக்கு அயலவர் அல்லர். நாள்தோறும் அவர்கள் பறித்த கொழுந்து எடைபோடப்படுகிறது. எடை பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேட்டின் எண்ணைப் பொறுத்து வருவாய் அமைகிறது. தாளும் எழுதுகோலும் கொண்டு வருபவர் எழுதும் எண் தம் வாழ்வை மாற்றவல்லது என்பதை அவர்கள் எந்தப் புள்ளியியலாரையும்விட நன்கு அறிவர். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டனர். 20 விழுக்காடு ஊக்கத்தொகையும் 500 ரூபாய் நாட்கூலியும் வேண்டும் என்று சாலையில் அமர்ந்து போராடியபோது இந்தியாவே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. எண்ணை வைத்து வாதிட அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அத்தகையோரிடம் நான் மாலை வேளையில் ஒரு பதிவேட்டுடன் சென்று நின்றேன். என்னை எவ்வகை மனிதராக அவர்கள் கண்டிருப்பர் என்று நான் சிந்திக்கவில்லை. ஆய்வாளரும் களத்தின் ஒரு பகுதி என்பது தே. லூர்து போன்றோர் தமிழில் எழுதிய களஆய்வு நூல்களில் இருப்பதுதான். படித்ததைக் களத்துக்குக் கொண்டுசெல்ல நான் தவறினேன்.

மறுகரையில் நேர்ந்த பிழை

இதன்பின் நான் வினாநிரலை ஒதுக்கிவிட்டுப் பண்புசார் ஆய்வின் பக்கம் முற்றாகச் சாய்ந்தேன். விடுமுறைகளில் லயத்தில் தங்கினேன். கேட்பதைக் குறைத்து உடனிருப்பதைக் கூட்டினேன். வீட்டில் ஒப்பாரி பாட மறுத்த பெண்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேயிலைக் காட்டுக்குள், வீடுகள் கண்ணில் படாத ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே பாடினால் குற்றமில்லை என்றனர். ஒப்புதல் பெற்று, யார் பெயரும் வெளியிடப்படாது என உறுதியளித்து, அங்கே ஒலிப்பதிவு செய்தேன். பாடி முடித்ததும் அனைவரும் ஓடையில் முகம் கழுவிக்கொண்டே வீடு திரும்பினர். வினாநிரலின் எந்தக் கட்டத்திலும் அடங்காத தரவு அது.

ஆயினும் இங்கும் ஒரு பிழை நேர்ந்தது. பாடியவர்களுள் மூவர் மிகுந்த சொல்வளம் உடையவர்கள். அவர்களுடைய பாடல்களையே மீண்டும் மீண்டும் கேட்டேன். அவற்றைக் கொண்டு 'இழப்பின் குரல்' என்னும் தலைப்பில் ஓர் இயலை எழுதினேன். தோட்டப் பெண்களின் ஒப்பாரி, இறந்தாரை எண்ணி வருந்தும் பாடலாக மட்டுமன்றி, மூதாதையர் விட்டுவந்த ஊரை எண்ணி வருந்தும் பாடலாகவும் உள்ளது என்பது அவ்வியலின் மையக் கருத்து. படிப்பதற்கு அது நன்றாகவே இருந்தது. என் நெறியாளர் முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு வினா எழுப்பினார்: "'தோட்டப் பெண்கள்' என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பெண்கள்?"

நான் ஒதுக்கிவைத்த எண் மீண்டும் வாயிலில் வந்து நின்றது. இம்முறை எதை எண்ணுவது என்பதை முதலில் வரையறுக்க முற்பட்டேன். வகைமையை மேலைக் கோட்பாடுகளிலிருந்து எடுப்பதைவிடத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலிருந்து எடுப்பது பொருந்தும் எனத் தோன்றியது. எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுகிறார். பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றார், உடைமை முதலியவற்றை இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. நுகர்பொருள் இன்மை வறுமை. எழுத்தாக்கம் செய்த பாடல்களின் ஒவ்வொரு கண்ணியையும் இந்நான்கனுள் ஒன்றில் அடக்கிக் குறியிட்டேன். என் குறியீடு மட்டும் போதாது என்பதால், உடன்பயின்ற தோழி ஒருவர் அதே பாடல்களுக்குத் தனியே குறியிட்டார்.

இருவர் குறியீடுகளும் பல இடங்களில் மாறுபட்டன. கணவனை இழந்தவள், இனித் தன் மகள் திருமணத்தில் முன்வரிசையில் நிற்க இயலாதே எனப் பாடும் கண்ணியை நான் இழவில் சேர்த்திருந்தேன். தோழி இளிவில் சேர்த்திருந்தார். 'அவள் இழந்தது கணவனை. அழுவது ஊரார் தன்னை ஒதுக்கப்போவதை எண்ணி' என்றார் அவர். மூன்று மாலைப்பொழுதுகள் அவ்வாறு வாதிட்டோம். வாதத்தின் முடிவில் குறியிடும் விதிகளை எழுதி, முதலிலிருந்து மீண்டும் குறியிட்டோம். பண்புசார் ஆய்வில் நான் செய்த மிக நுட்பமான வாசிப்பு, எண்ணுவதற்காகச் செய்த அவ்வாசிப்பேயாகும்.

எண்ணும்போதும் ஓர் எச்சரிக்கை தேவைப்பட்டது. கண்ணிகளைக் கூட்டினால் நெடும்பாடல் பாடிய மூவர் கணக்கை விழுங்கிவிடுவர். ஆகவே கண்ணியை அலகாகக் கொள்ளாமல் பாடுநரை அலகாகக் கொண்டேன். எத்தனை பாடுநரிடம் எந்நிலைக்களன் வருகிறது எனப் பார்த்தபோது, விட்டுவந்த ஊர் பற்றிய ஏக்கம் அம்மூவர் பாடல்களுக்கு அப்பால் அரிதாகவே காணப்பட்டது. ஏறத்தாழ எல்லாரிடமும் காணப்பட்டது இளிவு. பிறந்த வீட்டார் மதியாமை, ஊரார் ஒதுக்கல், வேலையிடத்தில் கேட்ட கடுஞ்சொல் என அது பல வடிவங்களில் வந்தது. தமிழ்ப் பெண்களின் ஒப்பாரியை ஆராய்ந்து 2005இல் இசபெல் கிளார்க் தெசே வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை எனப் பொருள்படும். அழுபவர் தம் துயரத்தையே அழுகின்றனர் என்னும் அக்கருத்துக்கு என் சிறு தொகுப்பும் இயைந்து நின்றது. 'இழப்பின் குரல்' என்னும் தலைப்பை அடித்துவிட்டு இயலை மீண்டும் எழுதினேன். நான் திரட்டிய பாடல்கள் சிலவே. பாடியவர்கள் ஒரு மலையின் சில லயங்களைச் சேர்ந்தவர்களே. அதற்குமேல் அம்முடிவை நீட்டக்கூடாது என்பதையும் அவ்வியலின் இறுதியில் பதிவு செய்துள்ளேன்.

கற்பித்தலில் கண்டது

இன்று ஆய்வு முறையியல் தாளை நானே கற்பிக்கிறேன். அளவுசார் ஆய்வு 'எத்தனை' என்னும் வினாவுக்கும், பண்புசார் ஆய்வு 'ஏன், எவ்வாறு' என்னும் வினாக்களுக்கும் விடை தரும் என்று பாடநூல்கள் பிரித்துரைக்கும். தொடக்க நிலையில் அப்பிரிவு பயன்படும். ஆனால் மாணவர்கள் அதனைத் தம் இயல்புக்கேற்ற இரு கட்சிகளாகக் கொண்டுவிடுகின்றனர். கணக்கில் அச்சம் உடையோர் பண்புசார் ஆய்வைப் புகலிடமாகக் கொள்கின்றனர். மக்களிடம் பேசத் தயங்குவோர் வினாநிரலை நாடுகின்றனர். இரண்டுமே அச்சத்தின் விளைவுகள். முறையின் தெரிவுகள் ஆகா. நான் இரு கட்சியிலும் இருந்து பிழை செய்தவள் என்பதால் இதனைத் துணிந்து கூறமுடிகிறது.

வினாநிரல் பயன்படுத்தும் மாணவர்களிடம் மூன்று செயல்களை வற்புறுத்துகிறேன். முன்னோட்ட ஆய்வை விடுதித் தோழர்களிடம் செய்யாமல் களத்து மக்களிடமே செய்தல் வேண்டும். 'தெரியாது', 'இல்லை' என்னும் விடைகள் மிகுமாயின், அவற்றைக் கூட்டுவதற்கு முன் அவ்வாறு சொன்ன சிலரிடம் மீண்டும் சென்று அமர்தல் வேண்டும். எந்த வேளையில், எந்த இடத்தில், யார் முன்னிலையில் விடை பெறப்பட்டது என்பதை ஒவ்வொரு படிவத்திலும் குறித்தல் வேண்டும். என் 120 படிவங்களில் அக்குறிப்பு இல்லை. இருந்திருந்தால், அடுப்படியில் சொன்ன விடைக்கும் வேறிடத்தில் சொன்ன விடைக்கும் உள்ள வேறுபாடு அட்டவணையிலேயே புலப்பட்டிருக்கக்கூடும். நேர்காணலை மட்டும் நம்பும் மாணவர்களிடம் என் நெறியாளரின் வினாவையே கேட்கிறேன்: எத்தனை பேர்?

முடிவுரை

2013இல் வெளிவந்த என் கட்டுரை, இடுக்கித் தோட்டத் தமிழ்ப் பெண்களிடையே ஒப்பாரி மரபு அற்றுவிட்டது எனக் கூறுகிறது. அம்முடிவு, ஒப்பாரியைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்னும் வழக்கத்தை அறியாமல் பெறப்பட்ட விடைகளைக் கொண்டு எட்டப்பட்டது, ஆதலின் ஏற்கத்தக்கதன்று. அதிலுள்ள அட்டவணையை எவரும் சான்றாகக் கொள்ள வேண்டா எனக் கேட்டுக்கொள்கிறேன். நம் துறையில் ஒருவர் கருத்தை மற்றவர் மறுப்பதற்கு இதழ்களில் இடமுண்டு. தம் கருத்தைத் தாமே திருத்துவதற்கும் அத்தகைய இடம் வழக்கமாக வேண்டும். ஆய்வேட்டில் திருத்திவிட்டோம் என அமைந்திருப்பது போதாது என்பதை என் மாணவியின் வரைவு எனக்கு உணர்த்திற்று.

அவரிடம் நடந்ததைச் சொன்னபோது, அம்மேற்கோளை நீக்கிவிடட்டுமா என்று கேட்டார். நீக்க வேண்டா என்றேன். அக்கட்டுரையைச் சுட்டி, அது பிழை என எழுதி, பிழை நேர்ந்த வகையையும் விளக்குமாறு கூறினேன். அதற்கு ஒரு சான்று வேண்டுமே என்றார் அவர். அச்சான்றாக அமையவே இக்கட்டுரை எழுதப்பட்டது.